மதினிக்குப் போட்ட பொன்னாடை

1

இங்கே வருடத்துக்கு ஒரு நாள் எங்களுக்குக் கைதட்டுவார்கள். கம்பெனி அலுவலகத்தில் ஒரு மேசை போட்டு, கிரீம் வைத்த சின்னக் கேக்குகளை அடுக்கி, நன்றி என்று எழுதிய பலூன்களைக் கட்டி, மேலாளர் எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்பார். என் பெயர் முத்துச்செல்வி. மூன்று வருடமாக அவர் வாயில் அது நுழையவில்லை. இந்த வருடம் முதல் இரண்டு எழுத்துவரை வந்துவிட்டு, மீதியைச் சிரித்துச் சமாளித்தார்.

இந்த வருடம் சிறந்த பராமரிப்பாளர் சான்றிதழ் எனக்குக் கிடைத்தது. இங்கிலாந்தின் வடக்கில் ஒரு சின்ன ஊரில் நான் பார்ப்பது இந்த வேலைதான். நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே போய்க் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, ஊட்டி, மாத்திரை கொடுத்து, அடுத்த வீட்டுக்கு ஓடுவது. சான்றிதழை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு, கேக்கைக் கையில் பிடித்தபடியே கிளம்பினேன். பன்னிரண்டு மணிக்கு ஒருவர் பசியோடு காத்திருப்பார்.

பெருமையாக இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அம்மாவும் சாகும்வரை கைநாட்டுத்தான். அண்ணன் முருகேசன் ஐந்தாம் வகுப்போடு பூ மூட்டை தூக்கப் போனவர். நான் தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு திண்டுக்கல் போய்ப் படித்து, நர்சிங் முடித்து, மதுரையில் வேலை பார்த்து, விமானம் ஏறியவள். அதனால் அந்தப் படத்தை உடனே அண்ணனுக்கு அனுப்பினேன். அங்கே ஆரம்பித்ததுதான் எல்லாம்.

இதை வாசிக்கிற ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று நாலு மாதம் பார்த்தேன். ஆறவில்லை.

2

நான் போகும் வீடுகளில் ஒன்று கென், ஐரீன் என்ற கணவன் மனைவியுடையது. கென்னுக்கு எண்பத்தொரு வயது. பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. கனமான மனிதர். அவரைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும் என்பது விதி. சுவரில் ஒட்டிவைத்துவிட்டு மறக்கிற விதி இல்லை இது. என்னோடு வரவேண்டிய பெண் பஸ்ஸைத் தவறவிட்டு இருபது நிமிடம் தாமதமாக வந்தால், இருபது நிமிடமும் நான் கென்னோடு கால்பந்து பற்றிப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தனியாகத் தூக்கினால் வேலை போய்விடும். முதுகு ஒருதரம் போனால் திரும்ப வராது என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

தூக்குவதற்கு ஓர் இயந்திரமும் இருக்கிறது. தொட்டில் மாதிரி ஒரு துணியில் ஆளை உட்காரவைத்துப் பொத்தானை அமுக்கினால், கிணற்றிலிருந்து வாளி ஏறுவதுபோல மெதுவாக ஏறுவார். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தரத்தில் தொங்கிக்கொண்டே கென் என்னை முறைத்தார்.

“நீ ஒரு தடவை ஏறிப் பார். அப்புறம் சிரி.”

அதன் பிறகு நான் சிரிக்கவில்லை. அவரைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கேட்கவேண்டும். திருப்பட்டுமா, கென்? சட்டையைக் கழற்றட்டுமா, கென்? சில நாள் வேண்டாம் என்பார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நாங்கள் காத்திருப்போம்.

எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஐரீன் தன் தங்கையோடு நாலு நாள் கடற்கரை ஊருக்குப் போய்விடுவார். அந்த நாலு நாளும் நாங்கள் மாறி மாறி அந்த வீட்டில் இருப்போம். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் ஓய்வு வேண்டும் என்று கென்னின் கோப்பிலேயே எழுதியிருக்கிறது. முதல் தடவை அவர் பெட்டியை இழுத்துக்கொண்டு டாக்சி ஏறியபோது, புருஷன் இப்படிக் கிடக்கும்போது என்ன பெண் இவள் என்று நினைத்தேன். நாலு நாள் கழித்து மூக்கு வெயிலில் சிவந்து திரும்பி வந்தார். “இந்த நாலு நாளுக்காக நான் இரண்டு வருடம் ஓர் அலுவலகத்தில் போய் அழுதேன். யாரும் தானாகத் தரவில்லை” என்றார்.

அவர்களுக்கு ஒரே மகன். கனடாவில் இருக்கிறான். பிறந்தநாள், கல்யாண நாள் என்றால் கடைக்குச் சொல்லிப் பூங்கொத்து அனுப்பிவிடுவான். ஐரீன் அதை முகர்ந்துகூடப் பார்க்காமல் ஜாடியில் செருகுவார். இவனெல்லாம் ஒரு மகனா என்று நான் மனதுக்குள் திட்டுவேன். இரண்டு வருடம் திட்டினேன். நான் ஊருக்கு அனுப்பும் பார்சல்கள் அப்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்ததே இல்லை.

3

எங்கள் அப்பாவுக்கும் பக்கவாதம்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் மல்லித் தோட்டத்தில் மோட்டார் போடப் போனவர் வரப்பில் விழுந்து கிடந்தார். வலது கை, வலது கால், பாதிப் பேச்சு போய்விட்டது. அடுத்த வருடமே அம்மாவும் போய்விட்டார். நான் மதுரையில் விடுதியில் இருந்தேன். அண்ணன் காலை நாலரைக்குப் பூ மூட்டையோடு திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போனால் பத்து மணிக்கு வருவார், பிறகு தோட்டம். அவர்கள் மகள் காவியாவுக்குப் பள்ளிக்கூடம். மிச்சம் இருந்தது அண்ணன் மனைவி, ஈஸ்வரி மதினி.

இங்கே என் வேலைக்கு ஒரு பெயர் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, சீருடை இருக்கிறது. நம் ஊரில் அந்த வேலைக்குப் பெயர் மருமகள்.

மதினி ஒல்லியான ஆள். முப்பத்தெட்டு வயது. அப்பா படுப்பதற்கு முன்னால் தேங்காய் மூட்டை ஏற்றியவர். படுத்தும் எடை குறையவில்லை. அவரை மதினி தனியாகத் தூக்கி உட்காரவைப்பார், துடைப்பார், துணி மாற்றுவார், இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைப்பார். குதிகால் படுக்கையில் உரசாமல் இருக்கப் பழைய சேலையை மடித்துக் கணுக்காலுக்கு அடியில் வைக்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆறு வருடத்தில் அப்பாவுக்கு ஒரு படுக்கைப்புண் வந்ததில்லை. நான் நர்ஸ். அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே முடியாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவோடும் முடியவில்லை. ஊரில் யாராவது படுத்துவிட்டால் “ஈஸ்வரியைக் கூப்புடு” என்று ஆள் வரும். கிழக்குத் தெருப் பாண்டியின் அம்மா கடைசி மூன்று மாதம் நினைவில்லாமல் கிடந்தபோது, தினமும் மத்தியானம் போய் உடம்பு துடைத்துவிட்டு வந்தவர் மதினிதான். யாரும் அவரை வேலைக்காரி என்று சொல்லவில்லை. நல்ல மனசு என்றார்கள். நல்ல மனசு என்று சொல்லிவிட்டால் போதும், வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

நான் என்ன செய்தேன்? பார்சல் அனுப்பினேன். நோயாளியைப் புரட்ட இங்கே வழுவழுப்பான நைலான் விரிப்பு ஒன்று வைத்திருப்போம். உடம்புக்கு அடியில் போட்டு இழுத்தால் ஆள் சறுக்கிக்கொண்டு திரும்பிவிடுவார், தூக்கவே வேண்டாம். அதில் ஒன்றை வாங்கி, மேலே ‘அப்பாவுக்கு’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துப் போனில் கேட்டேன்.

“மதினி, பார்சல் வந்துச்சா?”

“வந்துச்சு செல்வி. என்னா தரமான துணி! ஒங்க அண்ணன் வண்டி மேல போட்டு மூடிருக்காக. மழைத்தண்ணி ஒரு சொட்டு ஒட்ட மாட்டேங்குது.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த நாள் வேலையில் எல்லோரிடமும் சொல்லி அவர்களையும் சிரிக்கவைத்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அது எதற்கு என்று நாலு வரி எழுத எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்த ஆள் நான். அதைவிட மோசம், அந்த விரிப்பை இழுக்க இரண்டு பேர் வேண்டும், இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். அந்தப் பக்கம் யார் நிற்பார் என்று நான் கேட்கவே இல்லை.

4

அண்ணன் என் படத்தைக் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார். திண்டுக்கல்லில் ஒரு நற்பணி மன்றம். தலைவர் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர். வருடாவருடம் யாருக்காவது பொன்னாடை போடுவார்கள். இந்த வருடம் நோயாளிகளைப் பராமரிக்கிறவர்களுக்கு என்று முடிவுசெய்து, என்னைப் போனில் கூப்பிட்டார்.

“நம்ம ஊருப் பொண்ணு வெள்ளைக்காரன் ஊர்ல பேர் வாங்கிருக்கு. நீங்க வர முடியாட்டியும் ஒங்க மதினி வந்து மேடையில வாங்கிக்கிரட்டும்மா.”

எனக்கு ஒரே நேர்மை பொங்கிவிட்டது. “எனக்கு எதுக்குங்கய்யா? உண்மையில செய்யுறது அவங்கதான். அவங்களுக்கே குடுங்க” என்றேன். சொல்லிவிட்டுப் பெரிய காரியம் செய்துவிட்டதுபோல ஒரு நாள் முழுவதும் நிமிர்ந்து நடந்தேன். ஆமாம், நான்தான் சொன்னேன். பிறகு நடந்ததில் என் பங்கு இது.

விழாவைக் காவியாவின் சிநேகிதி வீட்டில் யாரோ படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். மண்டபம் நிறையக் கூட்டம். மதினி பட்டுச்சேலையில் மேடையின் ஓரத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருக்கிறார். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

“ஆறு வருசமா, ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட மாமனாரை விட்டு அங்கிட்டு இங்கிட்டு நகராத மருமகள்! இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணைக் காட்டுங்க பாப்போம்!”

மண்டபமே கைதட்டியது. எனக்கும் கண் கலங்கியது. பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். ஒருத்திக்கு ஆறு வருடமாக ஒரு நாள் ஓய்வு கிடைக்கவில்லை என்று இந்த ஊரில் யாராவது மைக்கில் சொன்னால், அதைக் குறையாகக் கோப்பில் எழுதுவார்கள். நம் ஊரில் அதற்குப் பொன்னாடை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

மறுநாள் மதினியிடம் பேசினேன்.

“கேடயம் குடுத்தாங்களா மதினி?”

“கேடயம் இல்ல செல்வி, பூட்டு. வெல்வெட்டுப் பொட்டியில வச்சு, இம்புட்டுப் பெரிய பித்தளைப் பூட்டு. திண்டுக்கல் பெருமையாம். நம்ம வீட்டை என்னைக்குப் பூட்டிருக்கோம்? எந்நேரமும் உள்ள ஆளு கெடக்கு. இதைக் கொண்டுபோயி எங்க தொங்கவிட?”

“பிரியாணி நல்லா இருந்துச்சா?”

“எங்க சாப்புட்டேன்? மாமாவைத் திருப்புற நேரமாயிருச்சுன்னு மேடையை விட்டு எறங்கி நேரா பஸ் ஏறிட்டேன். ஒங்க அண்ணன் பார்சல் வாங்கிட்டு வந்தாக. ஆறிப்போச்சு.”

“அதுவரைக்கும் அப்பாகூட யாரு இருந்தா?”

“காவியாதான். ஒரு நாளைக்குப் பள்ளிக்கூடம் வேணாம்னு ஒங்க அண்ணன் நிப்பாட்டிட்டாக. பாவம், அன்னைக்கு ஏதோ பரிச்சை வேற.”

காவியா பன்னிரண்டாம் வகுப்பு. அதையும் கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிட்டேன்.

5

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினியே கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுவது அபூர்வம். மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்று பேசினார். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

“செல்வி, நர்சுக்குப் படிச்சவதானே நீயி. ஒண்ணு கேக்கட்டா?”

“கேளுங்க மதினி.”

“கீழ என்னமோ எறங்குற மாதிரியே இருக்கு. குனிஞ்சா வெளிய வருது. மல்லாக்கப் படுத்தா உள்ள போயிருது.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருசம் இருக்கும்.”

அவரே தொடர்ந்தார்.

“ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டேன். கர்ப்பப்பை எறங்கிருச்சாம். ஆபரேசன் பண்ணணுமாம். பண்ணுனா மூணு மாசத்துக்குக் கொடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாதாம். அந்த டாக்டரம்மா கேக்குது, அப்புடி வீட்டுல என்னத்தம்மா தூக்குறீங்கன்னு. எங்க மாமனாரைன்னேன். பேனாவைக் கீழ வச்சிருச்சு.”

“அண்ணன் என்ன சொல்றாரு?”

“காவியாவை நிப்பாட்டுவோம்ங்கிறாக. பரிச்சையை அடுத்த வருசம் எழுதிக்கிரலாமாம். அன்னைக்கு விழாவுக்குப் போனப்ப நல்லாத்தானே பாத்துக்கிட்டான்னு சொல்றாக.”

“மதினி!”

“கத்தாத. அதான் எனக்கு ஆபரேசனே வேணாம்னுட்டேன். இம்புட்டு நாளு இருந்தாச்சு. இன்னும் செத்த நாளு இருந்துட்டுப் போறேன். அவ படிக்கட்டும்.”

“அப்பாவைப் பாக்க ஒரு ஆள் போடுவோம் மதினி. நான் ஏற்பாடு பண்றேன்.”

அவர் சிரித்தார். “போன வருசம் சொல்லிருந்தா போட்டுருக்கலாம். இப்பப் போட முடியுமா? ஒரு நாளும் நகரலைன்னு மைக்குல சொல்லிட்டாகள்ல. கடைக்குப் போனா, இந்தா பொன்னாடைக்காரி வாராங்கிறாளுக. இப்ப ஆள் போட்டா, விருதை வாங்கிட்டு மாமனாரைக் கைவிட்டுட்டான்னு ஊரு பேசும்ங்கிறாக ஒங்க அண்ணன். நல்லாக் கட்டிப்போட்டுட்ட செல்வி என்னைய.”

அவர் குறைசொல்லும் குரலில் சொல்லவில்லை. வேடிக்கையாகத்தான் சொன்னார். போனை வைத்த பிறகு அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அணைக்கத் தோன்றவில்லை.

6

அடுத்த நாளே விடுப்புக்கு எழுதினேன். இங்கே எதற்கும் ஒரு படிவம். குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்க விடுப்பு வேண்டும் என்றால், வரிசையாகக் கேள்விகள். பராமரிப்புத் தேவைப்படுகிறவர் யார்? என் தந்தை. உங்களோடு ஒரே வீட்டில் வசிக்கிறாரா? இல்லை. அவரைப் பார்த்துக்கொள்ளும் முதன்மையான நபர் நீங்களா? இல்லை. சிறந்த பராமரிப்பாளர் சான்றிதழ் வாங்கிய கையாலேயே அதை எழுதினேன். அப்படியானால் யார்? அண்ணன் மனைவி, உடல்நலமில்லை. அந்த வீட்டில் வேறு பெரியவர்கள் இருக்கிறார்களா? அண்ணன், நாற்பத்து நாலு வயது, ஆரோக்கியமானவர்.

மேலாளர் படிவத்தை இரண்டு தடவை படித்தார். “இரண்டு மாதத்துக்கு ஆள் இல்லை, விடுப்புத் தர முடியாது” என்றார். பிறகு படிவத்தின் கடைசி வரியில் விரலை வைத்துக் கேட்டார்.

“ஏன், இவர் பார்த்துக்கொண்டால் என்ன?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கள் குடும்பத்தைப் பற்றி இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? பூ மார்க்கெட் தெரியுமா, தோட்டம் தெரியுமா? என் பெயரையே முழுசாகச் சொல்லத் தெரியாதவர் எனக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டார் என்று கறுவிக்கொண்டே வெளியே வந்தேன்.

பாதி வழியில் நின்றுவிட்டேன். அந்தக் கேள்வியை ஆறு வருடத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பள்ளிக்கூடம் முடித்தவள், நர்சிங் படித்தவள், வாய் பேசுகிறவள் என்று ஊரில் பெயர் எடுத்தவள். என் மனதிலும் அப்பாவின் கட்டில் பக்கத்தில் நிற்பது மதினிதான். வேறு உருவமே வரவில்லை.

இந்த ஊரை உசத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். கேக் வெட்டிய அன்று அலுவலகத்தில் நின்ற பதினாலு பேரில் ஒரே ஒருவன்தான் ஆண். பாதிப் பேர் என்னைப் போல வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். எங்கள் எல்லோருடைய வீட்டிலும் யாரோ ஒரு பெண், நாங்கள் இங்கே செய்வதை அங்கே செய்துகொண்டிருக்கிறாள். அவளுக்குக் கேக் கிடையாது. கையுறைகூடக் கிடையாது.

விடுப்புக் கிடைக்காதது ஒருவகையில் நல்லதுக்குத்தான். நான் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வெளிநாட்டு வேலையை விட்டு ஓடிவந்த மகள் என்று எனக்கும் ஒரு பொன்னாடை போட்டிருப்பார்கள். நான் விமானம் ஏறிய அன்றைக்கே மதினி மறுபடி தூக்க ஆரம்பித்திருப்பார்.

7

அண்ணன் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து வீடியோவில் கூப்பிட்டேன். மதினி பின்னால் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, காவியா பள்ளிக்கூடத்தை நிப்பாட்டக் கூடாது.”

“நீ அங்க உக்காந்துக்கிட்டு ஈசியா சொல்லுவ பாப்பா. இங்க யாரு பாக்குறது?”

“நீங்க.”

அவர் கையில் சோற்று உருண்டை அப்படியே நின்றது. பிறகு சிரித்தார். “ஏ புள்ள, வெளையாடாத. ஆம்பள போயி அதெல்லாம் செய்ய முடியுமா?”

“நான் இங்க தினமும் ஆம்பளைகளுக்குச் செய்யிறேன். என்கூட ஒரு பையன் வேலை பாக்குறான், அவன் பொம்பளைக, ஆம்பளைக ரெண்டு பேருக்கும் செய்யிறான்.”

“அது சம்பளத்துக்கு. இது வேற. அப்பாவுக்கே கூச்சமா இருக்கும், மகன் வந்து துணி மாத்துனா. மருமக செஞ்சு பழகிப்போச்சு அவருக்கு.”

“அப்பாகிட்டக் கேட்டீங்களா?”

“இதை எல்லாம் போய்க் கேப்பாங்களா?”

“போனை அப்பாகிட்டக் குடுங்கண்ணே.”

கொடுக்கமாட்டார் என்று நினைத்தேன். மதினி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, அண்ணன் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அப்பாவின் முகம் தெரிந்தது. சவரம் செய்து பவுடர் போட்டுவிட்டிருந்தார். கென்னிடம் ஒரு நாளைக்குப் பத்து தடவை கேட்கிறவள், என் அப்பாவிடம் முதல் தடவையாகக் கேட்டேன்.

“அப்பா, மதினிக்கு ஒடம்புக்கு முடியலை. ஆபரேசன் பண்ணணும். இனிமே ஒங்களைத் தூக்கக் கூடாது. அண்ணன் ஒங்களைப் பாத்துக்கிட்டா ஒங்களுக்குச் சம்மதமா? கூச்சமா இருக்குமா?”

அப்பாவுக்கு ஒரு வார்த்தை வெளியே வர நேரம் ஆகும். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அண்ணனும் வாசல் நிலையில் வந்து நின்றுவிட்டார்.

“ஆறு வருசமா... மருமகப் புள்ள முன்னாடி... அம்மணமாக் கெடக்கேன் ஆத்தா.” மூச்சு வாங்கினார். “கூச்சமான்னு... எவன் கேட்டான்?”

மதினி போனை மறு கைக்கு மாற்றினார். கூரை தெரிந்தது, மின்விசிறி தெரிந்தது, மறுபடி அப்பாவின் முகம் தெரிந்தது.

“இவன்... நான் பெத்தவன்தானே” என்றார் அப்பா.

8

மதினி நாலு நாள் பக்கத்தில் நின்று அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தார். நானும் வீடியோவில் சொல்லிக்கொடுத்தேன். கிழக்குத் தெருப் பாண்டி தானாக வந்தான். “எங்காத்தாளைத் தொடைச்சுவிட்ட கை அது. சொல்லுங்க மதினி, எத்தனை மணிக்கு வரணும்?” என்று கேட்டு, காலை, மத்தியானம், சாயந்திரம் மூன்று வேளையும் மறுபக்கம் நின்று தூக்குகிறான். பூ மூட்டைகளை அண்ணன் வேறொருவருடைய வண்டியில் மார்க்கெட்டுக்கு ஏற்றிவிடுகிறார். இத்தனை ஏற்பாடும் நாலு நாளில் நடந்தது. ஆறு வருடம் நடக்க முடியாதது நாலு நாளில். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. மதினி இப்போது சின்னாளப்பட்டியில் அவர் அம்மா வீட்டில் இருக்கிறார். மூன்று மாதத்துக்கு அங்கேதான். காவியா தினமும் பள்ளிக்கூடம் போகிறாள். நேற்று மதினியிடம் பேசினேன்.

“என்ன மதினி பண்றீங்க?”

“ஒண்ணும் பண்ணலை செல்வி. காலையில எந்திரிச்சேன், காப்பி குடிச்சேன், திரும்பப் படுத்துட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லலை. இப்புடி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது.”

அண்ணன் முதல் வாரம் ஒரு நாளைக்கு மூன்று தடவை கூப்பிட்டார். சோற்றோடு வெஞ்சனம் வைத்து ஊட்டினால் அப்பா துப்புகிறார் என்றார். எந்தப் பக்கம் உட்கார்ந்து ஊட்டுகிறீர்கள் என்று கேட்டேன், வலப்பக்கம் என்றார். உணர்வு இல்லாத பக்கம் அது, இடப்பக்கம் உட்காருங்கள் என்றேன். இன்னொரு நாள், “ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கத் திருப்பணும்னா ராத்திரி எப்புடித்தான் தூங்குனா இவ?” என்று கேட்டார். என்னிடமா கேட்டார், தன்னிடமா என்று தெரியவில்லை. அந்தக் கேள்வி அவரிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பதினோராவது நாள் கூப்பிட்டபோது அவர் குரலில் ஒரு தினுசான சங்கடம்.

“பாப்பா, மன்றத்துத் தலைவர் போன் பண்ணாரு. எல்லாரும் சொல்லிக் கேள்விப்பட்டாராம். பெத்த தகப்பனை மகனே பாத்துக்கிறதை இந்தக் காலத்துல எங்க பாக்க முடியுதுங்கிறாரு. அடுத்த வாரம் மண்டபத்துல வச்சு எனக்கும் பொன்னாடை போடணுமாம். பேப்பர்காரங்களும் வாராங்களாம்.”

பதினோரு நாள். மதினிக்கு ஆறு வருடமும் ஒரு கர்ப்பப்பையும் ஆனது, அந்த மேடைக்குப் போய்ச் சேர. அதுவும் நான் சொன்னதால்தான். இவருக்குப் பதினோரு நாள் போதும், மைக்கும் பேப்பரும் தேடி வருகின்றன.

“என்ன சொன்னீங்க?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“என்னத்தச் சொல்ல? எத்தனை மணிக்குன்னு கேட்டேன். பதினோரு மணிக்காம், அரை மணி நேரம் வந்து தலையைக் காட்டிட்டுப் போங்கன்னாரு. அந்நேரம் பாண்டி வேலைக்குப் போயிருவான், காவியா பள்ளிக்கூடம் போயிரும். அதான், நீங்க செத்த நேரம் எங்க வீட்டுக்கு வந்து அப்பா பக்கத்துல உக்காந்திருங்கண்ணே, ஒருதரம் திருப்பிப் படுக்கவைக்கணும், துணி நனைஞ்சா மாத்தணும், அம்புட்டுத்தான், நான் ஓடிப்போய் வாங்கிட்டு வந்துர்றேன்னேன்.”

“அதுக்கு?”

“வேற யாரையாவது பாத்துக்கிறேன்னு போனை வச்சுட்டாரு.”